அட்டவணையைத் தேடிய நிரல்

எண்பதுகளின் நடுவில் சிங்கப்பூரின் ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் கணினி நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். பாரந்தூக்கி எவ்வளவு எடை தாங்கும் என்று சொல்லும் நிரல் ஒன்றை எழுதினேன். அதற்கான அட்டவணை தனிக் கோப்பாகக் கூடவே இருந்தது. கோப்பைத் தன் பக்கத்திலேயே தேடும்படி நிரலை எழுதியிருக்க வேண்டும். நானோ என் கணினியில் அது இருந்த இடத்தின் முழு முகவரியை உள்ளே எழுதிவிட்டேன். என் மேசையில் அது ஒருநாளும் தவறவில்லை.

பட்டறை அலுவலகக் கணினியில் அதை ஏற்றியவர், சிராங்கூனிலிருந்து என்னோடு கம்பெனி பஸ்ஸில் வரும் ஓர் அக்கா. தட்டச்சுப் பிரிவிலிருந்து கணினி வேலைக்கு வந்து, அந்த வேலை நிரந்தரமாவதற்காகக் காத்திருந்தவர். நான் கொடுத்த டிஸ்கில் இருந்த இரண்டு கோப்புகளையும் சரியாகத்தான் நகலெடுத்தார். திரையில் ‘கோப்பு இல்லை’ என்று வந்தது.

“டிலீட் பண்ணிட்டியா? இதையும் டைப்ரைட்டர்னு நெனச்சியாம்மா?” என்று மேலாளர் கத்தினார்.

“நான் எதையும் அழிக்கல சார். தம்பி, நீங்களாச்சும் சொல்லுங்க லா.”

பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. “இனிமே பாத்து காப்பி பண்ணுங்கக்கா” என்றேன். என் கணினியில் இருந்த அதே முகவரியை அங்கேயும் உருவாக்கி, கோப்பை அதில் போட்டேன். நிரல் ஓடியது. மேலாளர் என் தோளைத் தட்டினார்.

அக்காவை மறுபடியும் தட்டச்சுக்கே அனுப்பினார்கள். பிறகு, எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் நிரலைத் திருத்தினேன். சில வரிகள்தான்.

அன்று மாலையும் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருந்தார் அக்கா. நான் பின்னால் போய் நின்றுகொண்டேன்.