அம்முலுவின் இடது கண்

நம்பாதவர்கள் உத்திரமேரூர் பக்கம் பெருநகருக்குப் போய்த் திலகாவையே கேட்கலாம். 1999, சித்திரை வெயில். பட்டப்பகலில் நடந்தது இது.

அவள் மகள் அம்முலுவுக்குப் பிறவியிலேயே இடது இமை தொங்கிக் கண்ணைப் பாதி மறைத்தது. மூன்று வயதில் சென்னையில் ஆபரேஷன். இமைக்குள் மெல்லிய பட்டை ஒன்றைக் கோத்துப் புருவத்தோடு இழுத்துக் கட்டினார்கள்.

"தூங்கும்போதும் இந்தக் கண்ணு மூடாது. பயப்படாதீங்க. காயாம மருந்து மட்டும் போட்டுட்டே இருங்க" என்றார் டாக்டர்.

அப்படித்தான் இருந்தது, ஒரு வாரம்.

பிறகு ஒரு மதியம், தூங்கும் குழந்தையின் கண் இறுக மூடியிருந்தது. மறுநாளும். யாரோ அழுத்தி மூடியதுபோல, கண்ணுக்குள் போட்ட களிம்பு இமைமேல் விரல் அகலத்துக்குப் பிதுங்கியிருந்தது.

திலகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாத்தனார் புஷ்பாதான், வேறு யார்? ஆபரேஷனே வேண்டாமென்று நின்றவள்.

"தையல் பிரிஞ்சா நீயாடி கண்ணு குடுப்ப? எதுக்கு அழுத்தற?"

"நான் தொடவே இல்ல அண்ணி."

"வூட்ல வேற யாரு கீறாங்க?"

புஷ்பா அழுதுகொண்டே சாலவாக்கத்தில் இருக்கும் தன் வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டாள்.

அடுத்த மதியம்... தாயும் மகளும் மட்டும். கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத் திலகா பாயருகில் உட்கார்ந்தாள். அம்முலு தூங்கினாள். இடது கண் திறந்தே இருந்தது.

கண்ணாடி வளையல் உரசும் சத்தம்...

திலகா போட்டிருந்தது ரப்பர் வளையல்.

இமை மெல்ல இறங்கியது.

அதன்மேல் ஒரு குழி. கட்டைவிரல் அழுத்தினாற்போல...

செத்தவர்களுக்குத்தான் அப்படிக் கண்ணை மூடுவார்கள்.

பயத்தைக் கோபம் முந்தியது.

"எட்றீ கைய... எம் பொண்ணு சாவல. எடு."

குழி மறைந்தது.

கண் திறந்தது.

மறுநாளே கணவன் ஏகாம்பரத்தை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள். பட்டை இறுக்கமாகவே இருக்கிறது, இமை தானாக இறங்க வழியில்லை என்றார் அவர்.

"அது இன்னா பட்ட சார்?"

"தொடைச் சதைமேல இருக்கிற சவ்வும்மா. சின்னக் குழந்தைக்குச் சொந்தத் தொடையில நீளம் பத்தாது. இறந்தவங்க தானமா குடுத்தத பதப்படுத்தி வெச்சோம். உங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேனே."

ஏகாம்பரம் தரையைப் பார்த்தான்.

"பெத்தவ எங்கிட்ட சொல்ல வாய் வர்ல உனக்கு" என்றாள் அவனிடம். பிறகு டாக்டர் பக்கம் திரும்பினாள். "யாரோடது சார்?"

அதைச் சொல்லக் கூடாது என்றார் அவர். வெளியே, நர்ஸ் மங்கம்மாதான் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"பஸ் விபத்துல வந்த அம்மா. அவங்க சாவறதுக்கு முன்னாடி நாளே அவங்க கொழந்த போயிடுச்சு. செத்தும் அதோட கண்ணு மூடவே இல்ல. எங்க யாரையும் தொடவிடல... அந்தம்மாவே உக்காந்து, மூடற வரைக்கும் அழுத்திக்கினே இருந்தாங்க."