துக்கமணி அடிக்காத வீடு

"11-7-65. ஞாயிறு. புது வலையில் முதல் பாறை மீன். கோயிலில் வைத்தது."

அய்யாவின் செபப்புத்தகத்துக் கடைசித் தாளில் பென்சிலால் எழுதியிருக்கும் குறிப்பு இவ்வளவுதான். பழைய நாட்காட்டியை வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தேன். பெந்தெகொஸ்தேக்குப் பின்வரும் ஐந்தாம் ஞாயிறு. அக்கால முறைப்படி அன்றைய நற்செய்தி மத்தேயு ஐந்தாம் அதிகாரம். ஆகவே என் நினைவு பிசகவில்லை. அப்போது எனக்கு ஒன்பது வயது.

அய்யாவும் பெரியப்பாவும் பேசிக்கொள்ளாமல் அதோடு ஆறு வருடம் ஆகியிருந்தது. இருவருக்கும் பொதுவான கரைவலை ஒருநாள் கடலடிப் பாறையில் சிக்கிக் கிழிந்தது. அன்று மீன் கூட்டம் பார்த்துக் கை காட்டியவர் அய்யா. "குருட்டுப் பய பேச்சக் கேட்டு வலைய விட்டா இப்படித்தான்" என்று பெரியப்பா கரை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். அன்று மாலையே வலையை அறுத்துப் பிரித்துக்கொண்டார்கள். மீன் விழும் மடி பெரியப்பாவுக்கு. இருபக்கக் கைவலைகள் அய்யாவுக்கு. ஒன்றில்லாமல் மற்றொன்றால் ஒரு மீனும் பிடிக்க முடியாது என்பது இருவருக்கும் தெரியும்.

இராமேசுவரம் தீவில் வடகடல் ஓரமாக இருந்த எங்கள் ஊரில், பேச்சு அறுந்த வீட்டு வாசலை மிதிக்க ஒரே வழி சாவு. கோயிலில் துக்கமணி அடித்தால் பகையாளியும் போகலாம். போய் அழுதுவிட்டால் பேச்சு தானாகத் தொடங்கிவிடும். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவேண்டியதில்லை. கௌரவத்துக்குக் குறைவில்லாத ஏற்பாடு.

1964 டிசம்பர் 22ஆம் தேதி பகலில் பெரியப்பாவின் ஒரே மகன், எங்கள் அண்ணன், கருவாடு எடுத்துவரத் தனுஷ்கோடிக்குப் போனார். அன்றிரவுதான் புயல். அண்ணன் வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. ஊரில் மற்றவர்களுக்கெல்லாம் மணி அடித்தது. பெரியப்பா மட்டும் சம்மதிக்கவில்லை. "நான் கண்ணால பாக்காம எம்புள்ளைக்கு மணி அடிக்கக் கூடாது" என்று சாமியாரிடம் சொல்லிவிட்டு, கோயிலுக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார்.

மணி அடிக்காததால் அய்யா அந்த வீட்டுக்குப் போக வழியில்லாமல் போயிற்று. ஏழு மாதம் ஒவ்வொரு மணிச்சத்தத்துக்கும் அவர் கை வேலையை நிறுத்தி நிமிர்ந்து பார்ப்பார். பிறகு குனிந்துகொள்வார். அண்ணன் செத்துவிட்டதாக மணி அடிக்க வேண்டுமென்று அய்யா ஆசைப்படுகிறார் என நினைத்து, அவர்மேல் எனக்கு உள்ளூரக் கோபம்.

நிவாரணமாகக் கிடைத்த நூலில் பின்னிய வலையில் ஜூலையில்தான் முதல் மீன் விழுந்தது. முதல் மீன் கோயிலுக்கு. என் இடுப்பு உயரப் பாறை மீனை ஓலைப்பெட்டியில் வைத்து, பீடத்துக்கு முன்னாலிருந்த தடுப்புக் கிராதியோரம் அய்யா இறக்கினார். பூசையில் பாதி தமிழுக்கு வந்திருந்த சமயம் அது. சாமியார் வாசித்தார். காணிக்கை செலுத்த வரும்போது உன் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ. முதலில் அவனோடு சமாதானமாகு. பிறகு வந்து செலுத்து.

அய்யா எழுந்தார். மீனைப் பார்த்தார். ஆண்கள் பக்கத்து வாசல் வழியாக வெளியே நடந்தார்.

சாமியார் பிரசங்கத்துக்கு வைத்திருந்த தாளை மடித்தார். "இன்னைக்குப் பிரசங்கம் இல்ல. காத்திருப்போம்" என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கோயிலுக்குள் கடல் இரைச்சல் கேட்டதை அன்றுதான் கவனித்தேன். இருநூறு பேர் இருந்தோம், ஒருவரும் எழவில்லை.

மீனில் ஈ மொய்த்தது. கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை பெட்டியைத் தூக்க வந்தார். நான் ஓடிப்போய் அதன்மேல் கையை வைத்துக்கொண்டேன்.

"ஏத்தா, விடு. நாத்தம் புடிச்சிரும்."

"எடுக்கக் கூடாது. அங்கனயே வைக்கச் சொல்லி சாமி இப்பத்தான வாசிச்சாக."

"அது மீனச் சொல்லல தாயி."

"வேற எதச் சொன்னாகளாம்?" என்றாள் பெண்கள் வரிசையிலிருந்து ஒருத்தி. சாமியார் சிரிக்காமலிருக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். மீன் இருந்த இடத்திலேயே இருந்தது.

பெரியப்பா வீட்டில் நடந்ததைப் பிற்பாடு பெரியம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். அய்யாவை வாசலில் கண்டதும் துக்கம் கேட்க வந்திருப்பதாக நினைத்து அவள் கத்தியிருக்கிறாள். "எதுக்கு வந்தீக? எம்புள்ள சாகல."

"சாவுக்கு வரல மதினி. அண்ணனப் பாக்க வந்தேன்."

பெரியப்பா உள்ளேயிருந்து கேட்டாராம்: "அவன் வருவானாடா?"

அய்யா உள்ளே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாராம். பிறகு, "வருவான். நானும் ஒங்ககூட இருந்து பாக்குறேன்" என்றாராம்.

அவர்கள் வந்து சேர எவ்வளவு நேரமாயிற்று என்பதில் இரு கருத்து உண்டு. கோயில்பிள்ளை ஒரு மணி நேரம் என்பார். அம்மா அரைமணி என்பாள். போய்வரும் தூரத்தைப் பார்த்தால் அம்மா சொல்வதே சரி. வாசலில் இருவரின் நிழல் விழுந்ததும் சாமியார் எழுந்தார். சொல்லாமலே சபை முழுதும் எழுந்தது. பெரியப்பா ஒரு பக்கமும் அய்யா மறுபக்கமும் பிடித்துப் பெட்டியைத் தூக்கிக் கிராதிக்கு மேல் நீட்டினார்கள். அண்ணன் கிடைத்திருந்தாலொழிய இப்படி நடக்காது என்று நினைத்தேன்.

பூசை முடிந்ததும் பெரியப்பாவிடம் ஓடினேன். "அண்ணன் வந்துருச்சா?"

அவர் என் தலையில் கை வைத்தார். "வழியில இருக்கான் தாயி."

அன்றிலிருந்து சாயங்காலம்தோறும் இருவரும் கரையில் உட்கார்ந்து கிழக்கே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மறுநாள் வலை விடும் பாட்டுக்கு மீன் பார்க்கிறார்கள் என்றே நான் எண்ணியிருந்தேன்.

இருவரும் காலமான பின், அம்மா தன் கடைசி நாட்களில் ஒன்று சொன்னாள். புயலுக்கு அடுத்த மாதமே, தென்கடல் கரையில் அண்ணனின் உத்தரியம், அவர் கழுத்தில் எப்போதும் கிடந்த மாதா படத் துணி, அய்யா கையில் கிடைத்ததாம். ஓரத்தில் பெரியம்மா தைத்த சிவப்பு நூல் இருந்ததாம். அதைக் காட்டியிருந்தால் அன்றே மணி அடித்திருக்கும், அந்த வாசலும் திறந்திருக்கும். அய்யா அதைக் கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் தனியாகப் புதைத்துவிட்டு வந்தாராம். அம்மாவைத் தவிர இதை அறிந்தவர் எவரையும் நான் கண்டதில்லை. உண்மைதானா என்று இதுவரை உறுதிசெய்ய முடியவில்லை.