வடத்தின் கடைசி ஆள்

எடை பார்த்து முடிந்ததும் அத்தான் ஒரு குடம் தண்ணீரை நின்ற இடத்திலேயே குடித்துத் தீர்த்தது போட்டித் தந்திரம் என்று நான் நம்பினேன். நம்பியதோடு நில்லாமல் நானும் குடித்தேன். என்னைப் பார்த்து அணியில் இன்னும் மூன்று பேர் குடித்தார்கள். நடுவர் விசிலை வாயில் வைத்த நேரத்தில் ஏழு பேர் நிற்க வேண்டிய எங்கள் பக்கத்தில் இரண்டு பேர்தான் நின்றார்கள். மீதி ஐந்து பேரும் மைதானத்துக்குப் பின்னால், வரிசையாக, ஆளுக்கொரு ரப்பர் மரத்தைப் பார்த்து நின்றுகொண்டிருந்தோம். அதில் அத்தானுக்கு மட்டும் அன்று அது நான்காவது முறை.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். மரம் அறுக்கும் மில்லில் வேலை. தொண்ணூற்றெட்டு கிலோ. ஓணம் வந்தால் எங்கள் எல்லையோர மேற்குப் பகுதியில் இரண்டு அணியாக நின்று வடம் இழுக்காத ஊர் இல்லை. அதற்கு ஒரு கணக்கு உண்டு: ஏழு பேரும் சேர்ந்து நானூற்று ஐம்பத்தைந்து கிலோவைத் தாண்டக் கூடாது. வடத்தின் கடைசியில் நிற்பவர்தான் அதைத் தோளைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, குதிகாலால் மண்ணைக் குழித்து ஊன்றி, ஆணி அடித்தது போல நிற்க வேண்டும். அந்த ஆள் அத்தான். அவருடைய எடையில் கைவைக்க யாருக்கும் மனசு வராது. ஆகவே ஒவ்வொரு ஓணத்துக்கும், ரப்பர் ஷீட் வாங்கும் கடைத் தராசில் ஏறி இறங்கி, ஐந்து கிலோ கூடுகிறது என்று தெரிந்ததும், முன்னால் நிற்கும் ஒல்லி நரம்பன்கள் பட்டினி கிடப்போம். நரம்பன்களில் முதல் நரம்பன் நான்.

அந்த வாரம் அக்கா வீட்டுக்குப் போவதுதான் பெரிய சோதனை. அத்தான் மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கறியுமாக உட்கார்ந்திருப்பார். எதிரே நான் வெந்நீர் டம்ளரோடு. "மக்கா, நீ அங்கோட்டுத் திரும்பி இரி. மணம் பிடிச்சாலே கால் கிலோ கூடும்" என்பார். சொல்லிவிட்டு அவரும் பாதியில் கையைக் கழுவிவிடுவார். நான் பட்டினி கிடக்க அவர் தின்பது அவருக்கு எப்போதும் தொண்டையில் நின்றது. "உன் சோத்தையும் சேத்தாக்கும் நான் திங்குகேன். தோத்தா என்னைத்தான் சொல்லணும்."

குடம் தண்ணீர் குடித்த அந்த வருடம் ஆடி மாதத்திலிருந்தே அத்தான் மெலியத் தொடங்கினார். பெல்ட்டில் ஆணி வைத்துப் புதிய துளை போட்டார். தராசில் ஏறினால் எண்பத்தொன்பது. கூட்டிப் பார்த்த எங்கள் கேப்டன், ஒரு கொத்தனார், காகிதத்தை இரண்டு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, "லேய், நாலு கிலோ மிச்சம் கெடக்கு" என்றார். நாங்கள் அத்தானைத் தூக்காத குறை. சரித்திரத்தில் முதல் தடவையாக நான் ஓணத்துக்கு முந்தின வாரம் புரோட்டா தின்றேன். அவர் இழந்ததை நான் தின்று நிரப்பினேன் என்பதுதான் உண்மை. அன்றைக்கு அது எனக்கு அதிர்ஷ்டமாகப் பட்டது.

ஊர் அப்படி நினைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் சதை போட்டால் சுகம், மெலிந்தால் சீக்கு அல்லது சண்டை. மூன்றாவது காரணம் கிடையாது. அத்தானைப் பார்த்த பெண்கள் எல்லாம் அக்காவைத்தான் கேட்டார்கள்: "ஆம்பளைக்குச் சோறு போடாண்டாமா பிள்ளே?" நான் சும்மா இருந்திருக்கலாம். நாக்கு இருக்கிறதே. டீக்கடையில், "எங்கக்கா வைக்கிய புளிசேரியைத் தின்னா யானையும் மெலியும்" என்று சொல்லிச் சிரிக்க வைத்தேன். சிரிப்பு எனக்கு முன்னால் அக்கா வீடு போய்ச் சேர்ந்தது. இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. அத்தான்தான் சமாதானம் செய்தார், "அவன் வாயில வாறதெல்லாம் ஒரு பேச்சுன்னு எடுக்கியா?" என்று. பேசி முடிப்பதற்குள் இரண்டு செம்பு தண்ணீர் குடித்தார். அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அது சர்க்கரை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அத்தான் போய்ப் பன்னிரண்டு வருடமாகிறது.

வடம் இழுத்தவர்களுக்கு ஒன்று தெரியும். முன்னால் நிற்பவன் பின்னால் திரும்பிப் பார்க்க முடியாது. ஆனாலும் கடைசி ஆள் இருக்கிறாரா என்பது உள்ளங்கைக்குத் தெரியும். கயிறு நடுங்காமல், கல்லில் கட்டியது போல் இருக்கும். அதற்கப்புறம் எத்தனையோ கயிறு பிடித்தாயிற்று: மாடு கட்டிய கயிறு, கிணற்றுக் கயிறு, பஸ்ஸின் மேல் லக்கேஜ் கட்டிய கயிறு. ஒன்றிலும் அந்தப் பின்பலம் கைக்கு வரவில்லை. நான் என்ன உளறினாலும் பின்னால் ஒருவர் ஊன்றி நிற்கிறார் என்ற தைரியத்தில்தான் அத்தனை வருடமும் உளறியிருக்கிறேன்.

இந்த மாசிக்கு எனக்கு ஐந்து கிலோ குறைந்தது. நாற்பத்தொன்பது வயது, தொந்தி உண்டு, தலையில் முடி இல்லை. கடைத்தெருவில் ஜிம்முக்குப் போகும் ஒரு பையன், "அண்ணே, சூப்பரா ஃபிட் ஆயிட்டிய" என்றான். பத்தடி தள்ளி மீன்காரி, "என்ன சாரே, ஒணங்கிப் போனேரு, ஆஸ்பத்திரில காட்டல்லியா?" என்றாள். நான் மீன்காரியை நம்பினேன். வீட்டில் எடை பார்க்கும் எந்திரத்தில் நாளைக்கு நாலு தடவை ஏறினேன், வேட்டியோடு, வேட்டி இல்லாமல், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு. கண்ணாடியைக் கழற்றினால் எண் தெரியவில்லை, மனைவியைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். குடித்த தண்ணீர் டம்ளர்களைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு எண்ணினேன். பத்திரம் வைத்த மரப்பெட்டியின் சாவி எங்கே இருக்கிறது என்று அவளிடம் கரகரத்த குரலில் சொன்னேன். "அது நான் வச்ச இடமாக்கும்" என்றாள்.

டாக்டர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, சர்க்கரை இல்லை என்றார். சாப்பாடு எப்படி என்று கேட்டார். கடைவாய்ப்பல் இரண்டைப் பிடுங்கியதிலிருந்து ஒன்றரை மாதமாகக் கஞ்சிதான் என்பது அப்போதுதான் எனக்கே நினைவு வந்தது.

ரத்தம் பார்த்த காகிதத்தைக் கொடியைப் போலப் பிடித்துக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா சிரிக்கவில்லை. வாங்கி, மடிப்பு நீவி, திருப்பித் தந்தாள்.

"இதுபோல ஒண்ணு அவருக்கும் உண்டு மக்கா. அந்த ஓணத்துக்கு மூணு வாரம் முன்னயே."

"என்னக்கா சொல்லுக? ஓணம் கழிஞ்சுதானே பாத்தாரு?"

"உங்களுக்கு அப்படிச் சொன்னாரு. மாத்திரை போட்டா போன தடியும் எடையும் திரும்பி வரும்னு டாக்டர் நல்லதுக்குச் சொல்லியிருக்காரு. இவரு அதைக் கேட்டுப் பயந்துட்டாரு. கணக்கு கூடினா பயலைத் திரும்பவும் பட்டினி போடுவானுவ, ஒரு வருசமாவது அவன் தின்னுட்டு இழுக்கட்டும், ஓணம் கழிஞ்சு தொடங்குகேன்னாரு. மாத்திரைப் பொட்டலத்தை அரிசிப் பானைக்குள்ள வச்சிருந்தாரு. நான் கண்டு கேட்டேன். உன்கிட்டச் சொல்லாண்டாம்னு சத்தியம் வாங்கினாரு."

"நீ ஏன் இத்தனை வருசம்..."

"நீ டீக்கடையில அப்படிச் சொன்ன அன்னைக்குச் சொல்லியிருப்பேன். அவருதான் விடல்ல."

ஓணம் கழிந்த மறுநாள் காலை அத்தான் முதல் மாத்திரையைப் போட்டார். மண்ணைக் குழித்து ஊன்றிய வலது குதிகாலில் அதற்குள் ஒரு புண் வந்திருந்தது. அது ஆறவில்லை. தை மாதம் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். அடுத்த ஓணத்துக்கு அவர் இல்லை. அவர் இல்லாத அந்த வருடம் எங்கள் எடை சரியாக இருந்தது. இரண்டாவது சுற்றில் தோற்றோம்.