நாலடி ஆழத் தோட்டம்

எங்கள் அப்பாவுக்கு மண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாது. இருபத்திரண்டு வருஷம் மண்ணுக்கு அடியிலேயே வேலை பார்த்தவர் என்பதால் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அடியில் இருந்தவருக்கு மேல்மண்ணைப் பற்றி எப்படித் தெரியும்? ஷிப்டுக்குப் போனால் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிக் கீழே இறங்குவார். ஷிப்ட் முடிந்தால் அதே கேஜில் மேலே வருவார். கீழே வெட்டிய இடம் இடிந்து விழாமல் மரம் கொடுத்துத் தாங்குவது அவர் வேலை. மேலே அவர் மிதித்த மண்ணெல்லாம் சுரங்க வாயான ஷாஃப்டிலிருந்து வீடு வரைக்கும் உள்ள பாதைதான்.

தங்கச் சுரங்கத்தை மூடிக் கொஞ்ச காலம் கழித்து, நாங்கள் குடியிருந்த லைன் வீடு இனி எங்களுக்கே என்று ஒரு காகிதம் வந்தது. எனக்கு அப்போது பத்து வயது. மாரிகுப்பத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும் வரிசை வீடுகளில் ஒன்று அது. ஒரு அறை, ஒரு சமையலிடம், பின்னால் இரண்டு கட்டில் போடும் அளவுக்குக் காலியிடம். தாத்தா காலத்திலிருந்து அங்கேதான் இருந்தோம். ஆனால் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள எங்கள் வம்சத்தில் முதன்முதலாக வந்த வீடு அதுதான். அப்பா அந்தக் காகிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். மறுநாள் காலையில் கூரையைப் பிரித்தார்.

அந்தக் கூரை மழைக்காலத்தில் நான்கு இடத்தில் ஒழுகும். எந்த இடத்தில் எந்தப் பாத்திரம் என்று எங்களுக்கு மனப்பாடம். அப்பா துருப்பிடித்த தகரத்தையெல்லாம் கழற்றிப் பின்பக்கம் எறிந்தார். புதிய தகரம் போட்டார். சமையலிடத்துக்கும் அறைக்கும் நடுவில் இருந்த சுவரை இடித்து, சமையலிடத்தைப் பெரிதாக்கினார். கொத்தனாரைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் வீடு வீடு மாதிரி இருந்திருக்கும். அப்பாவுக்குத் தெரிந்த ஒரே கட்டட வேலை கீழே செய்த வேலைதான். அதனால் இரண்டு பக்கமும் கனமான மரக்கால் நட்டு, மேலே குறுக்கே உத்தரம் வைத்து, ஆப்பு அடித்து இறுக்கினார். இப்படி நாலு ஜோடி. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். நான் தினமும் எதிலாவது முட்டிக்கொள்வேன்.

பக்கத்து வீட்டுப் பெரியப்பா, சொந்தமில்லை, அப்பாவோடு வேலை செய்தவர் என்பதால் அப்படிக் கூப்பிடுவோம், வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

"இன்னா தம்பி, வூடு கட்டிக்கினு கீறியா, லெவல் வெட்டிக்கினு கீறியா? கேஜ் எப்ப வரும், சொல்லு. நானும் எறங்கறேன்."

லெவல் என்றால் சுரங்கத்துக்குள் குறுக்கே வெட்டும் பாதை. அப்பா சிரிக்கவில்லை. ஒரு ஆப்பை இன்னும் இரண்டு அடி அடித்தார். கோலார் ஜில்லாவே குலுங்கினாலும் அந்தக் கூரை விழாது, அதை மட்டும் நான் இன்றைக்கும் ஒப்புக்கொள்வேன். முதல் மழை பெய்த ஞாயிற்றுக்கிழமை அம்மா அறை நடுவில் நின்று உள்ளங்கையை மேலே பார்த்து நீட்டிக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டு விழவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனாள்.

அம்மாதான் அப்போது சம்பாதித்தாள். சுரங்கம் மூடியதும் எங்கள் வரிசையில் பாதிப் பேர் ரயில் ஏற ஆரம்பித்துவிட்டார்கள். அம்மா இருட்டோடு முதல் வண்டியைப் பிடித்துப் பெங்களூருக்குப் போவாள். அங்கே ஒரு கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைப்பது அவள் வேலை. திரும்பி வரும்போதும் இருட்டிவிடும். உட்கார இடம் கிடைக்காத நாளில் கால் வீங்கி வரும். மாமா, அம்மாவின் தம்பி, பெங்களூரிலேயே இருந்தார். அக்கா குடும்பத்தோடு வந்துவிட வேண்டும், தன் வீட்டுக்குப் பக்கத்தில் வீடு பார்த்துத் தருகிறேன், அப்பாவுக்கு ஒரு பெரிய கட்டடத்தில் செக்யூரிட்டி வேலை வாங்கித் தருகிறேன் என்று வரும்போதெல்லாம் சொல்வார். அம்மாவும் அதையே சொல்வாள். கால் வலிக்கிற நாளில் கொஞ்சம் உரக்கச் சொல்வாள்.

அப்பாவுக்குச் செக்யூரிட்டி என்ற சொல்லே ஆகாது. எவன் வீட்டு கேட்டையோ திறந்து மூடுவதற்கு நான் எதற்கு என்று கேட்பார். ஒருநாள் இது பெரிய சண்டையாகி, கடைசியில் அம்மா ஒரு முடிவு சொன்னாள்.

"சரிங்க. ஒரு வேள கொழம்புக்காவது இந்த வூட்டுல காய் மொளைக்கட்டும், நான் நவுர மாட்டேன். முழுப் பரீட்சைக்குள்ள ஒண்ணும் ஆவலன்னா, பொட்டியக் கட்டணும்."

"மொளைக்கும்," என்றார் அப்பா.

அது என்ன கணக்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. குடும்பத்தின் தலையெழுத்தைக் கத்திரிச் செடியில் கொண்டுபோய்க் கட்டினார்கள். ஆனால் இரண்டு பேரும் அதை உண்மையாகவே எடுத்துக்கொண்டார்கள். நானும் எடுத்துக்கொண்டேன். எனக்குப் பெங்களூர் வேண்டாம். என் பள்ளிக்கூடம், என் சிநேகிதிகள், எல்லாம் இங்கே.

அப்பா பின்பக்கத்துக் காலியிடத்தைத் தோண்டினார். ஒரு முழம் தோண்டினால் போதும் என்று யாராவது சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை, சொன்னாலும் அவர் கேட்டிருக்க மாட்டார். நாலடி தோண்டினார். இடுப்பு மறையும்வரை உள்ளே நின்று கடப்பாரை போட்டார். மேலே இருந்த கறுப்பு மண்ணை ஒரு ஓரமாகக் கொட்டினார். அடியிலிருந்து மஞ்சள் முரம்பும் கல்லும் வந்தது. அதை இன்னொரு ஓரமாகப் பத்திரமாகக் குவித்தார். பிறகு குழியை மூடும்போது கறுப்பு மண்ணை முதலில் உள்ளே தள்ளினார், அதன் மேல் முரம்பைப் பரப்பினார். ஏன் இப்படி என்று நான் கேட்டேன்.

"மேல இருக்கறது குப்ப. நல்ல சமாச்சாரம் எப்பவும் அடியிலதாம்மா இருக்கும்," என்றார்.

எங்கள் ஊரில் பிறந்தவர்கள் யாரும் இதை மறுத்துப் பேசியிருக்க மாட்டார்கள். நானும் நம்பினேன். வேண்டாததைக் காலியான இடத்தில் தள்ளி அடைப்பது, அடியில் இருப்பதை மேலே கொண்டுவருவது: இப்படித்தான் நூறு வருஷம் இந்த ஊர் பிழைத்தது.

அம்மா குடியாத்தம் பக்கம் பயிர் வைக்கும் குடும்பத்தில் பிறந்தவள். அந்த ஞாயிற்றுக்கிழமை பின்கதவில் நின்று தோட்டத்தைப் பார்த்தாள். ரொம்ப ஆழமாகத் தோண்டிவிட்டீர்களே என்று மட்டும் சொன்னாள். அப்பா பெருமையாகத் தலையாட்டினார்.

கத்திரி, மிளகாய், தக்காளி நாற்று வாங்கி வந்து நட்டார். தண்ணீர் என் வேலை. எங்கள் வரிசைக்கே ஒரு பொதுக்குழாய்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வரிசையில் நின்று, சண்டை போட்டு, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, மரக்கால்களுக்கு நடுவில் குடத்தோடு நுழைய முடியாததால் வரிசைக் கோடி வரைக்கும் சுற்றி வந்து ஊற்றுவேன். தினம் நாலு குடம். ஊற்றிய தண்ணீர் முரம்பின் மேல் கொஞ்ச நேரம் நிற்கும், பிறகு ஓரமாக வழிந்து பெரியப்பா வீட்டுப் பக்கம் போய்விடும். தக்காளி முதலில் செத்தது. மிளகாய் அடுத்தது. கத்திரி மட்டும் சாகாமல் நின்றது. நாலு இலை, அதுவும் ஓரமெல்லாம் மஞ்சள். வளரவும் இல்லை.

நட்டு ஒரு மாதம் ஆகியிருக்கும். ஒருநாள் அம்மா வேலையிலிருந்து வந்தபோது முறத்தில் எட்டுக் கத்திரிக்காய் இருந்தது. ஊதா நிறம், பளபளவென்று.

"தோட்டத்துல வந்திச்சி," என்றார் அப்பா, சுவரைப் பார்த்துக்கொண்டு.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. யாருக்கோ கதவு மாட்டிக்கொடுத்துவிட்டு, அந்தக் கூலியில் வரும் வழியில் ஆண்டர்சன்பேட்டைக் கடையில் வாங்கியிருக்கிறார். சொல்லாதே என்கிறார். அம்மா ஒரு காயை எடுத்துக் காம்பைத் திருப்பிப் பார்த்தாள். "நல்லாத்தான் கீது," என்று அரிவாள்மனையை எடுத்தாள்.

அடுத்த வாரமும் வந்தது. அதற்கடுத்த வாரமும். அதற்குள் அப்பா பழைய தகரத்தையெல்லாம் பின்கதவை ஒட்டி அடுக்கிவிட்டார். பின்வாசற்படிக்குப் போட்ட சிமென்ட் காயவில்லை, யாரும் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்றார். சிமென்ட் ஒரு மாதமாகவா காயும்? அம்மா கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகூட எட்டிப் பார்க்கவில்லை. டிபன் டப்பாவில் கத்திரிக்காய்ப் பொரியல் கொண்டுபோய் ரயிலில் எல்லாருக்கும் கொடுத்தாள். எங்க வூட்டுத் தோட்டம் என்று சொல்லித்தான் கொடுப்பாளாம். கூட வரும் அக்கா ஒருத்தி வந்து என்னிடம் விதை கேட்டாள். எனக்கு எரிச்சலாக வந்தது. ஊருக்கே பொய் பரவிவிட்டது, நான் மட்டும் கல்லுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். வீடு பார்த்துவிட்டாராம், மாதக் கடைசியில் காலியாகிறதாம். கையோடு பதில் வாங்கிக்கொண்டு போகத்தான் வந்தேன் என்றார். அம்மா எண்ணெய்க் கத்திரிக்காய் செய்திருந்தாள். மரக்கால்களுக்கு நடுவில் நாங்கள் நெருக்கி உட்கார்ந்து சாப்பிட்டோம். மாமா இரண்டாவது தடவை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

"எதுக்குடா அந்த வூடு?" என்றாள் அம்மா. "எங்களுக்குன்னு சொந்த வூடு கீது. இப்பல்லாம் காயி கூட வெளிய வாங்கறதில்ல. அவரு ஒண்டியா நின்னு பயிர் பண்ணது, சாப்புடு."

ஒண்டியா. அந்தச் சொல்தான் எனக்குத் தாங்கவில்லை. இடுப்பில் குடம் தேய்த்த இடம் அப்போதும் காந்திக்கொண்டிருந்தது.

"ஒண்டியா ஒண்ணும் இல்ல. தண்ணி நான்தான் ஊத்தறேன்," என்றேன். "இது தோட்டத்துக் காயும் இல்ல. கடையில வாங்கினது. அங்க செடி என் மொழங்கால் அளவுகூட இல்ல. பூவே வெக்கல."

மாமா மெல்லுவதை நிறுத்தினார். எழுந்து, எச்சில் கையோடு வெளியே போய், வரிசைக் கோடியைச் சுற்றிப் பின்பக்கம் பார்த்துவிட்டு வந்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு.

"அக்கா, அங்க கல்லுதான் காய்ச்சிருக்குது. இன்னா மாமா, கடைக் காயா?"

"ஆமா," என்றார் அப்பா. இலையில் இருந்ததை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தார். யாரும் திட்டவில்லை. திட்டுவார்கள், பிறகு தோட்டத்தைச் சரியாகக் கொத்துவார்கள், நான் ஊற்றும் தண்ணீருக்கும் ஒரு மரியாதை வரும் என்று நான் நினைத்திருந்தேன்.

மாமாதான் பேசினார். அப்போ பரீட்சை முடிந்ததும் சாமான் ஏற்ற வண்டி சொல்லிவிடட்டுமா என்று கேட்டார். அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

"சொல்லு," என்றார் அப்பா.

அம்மா கத்திரிக்காய்ச் சட்டியை மூடிவைத்துவிட்டு, "சரி, சொல்லு," என்றாள்.

அப்படித்தான் நாங்கள் போனோம். அப்பா பெங்களூரில் ஒன்பது வருஷம் நீலச் சட்டை போட்டுக்கொண்டு கேட்டைத் திறந்து மூடினார். அந்த வீட்டைப் பூட்டிவைத்து, பிறகு விற்றுவிட்டோம். வாங்கினவர் மரக்கால்களைப் பிடுங்கப் பார்த்து முடியாமல் அப்படியே விட்டுவிட்டாராம். இதையெல்லாம் பற்றி எனக்குக் கோபம் இருக்கிறது. யார்மேல் என்று கேட்டால் சொல்ல முடியாது. முக்கால்வாசி என்மேல்தான்.

அன்றைக்கு மாமா ரயிலுக்குக் கிளம்பிய பிறகு, அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் கதவோரமாக நின்றேன். அடிக்கவும் இல்லை, பேசவும் இல்லை என்றால் என்ன செய்வது? நானே ஆரம்பித்தேன். பொய் சொன்னது அப்பாதானே, நான் என்ன தப்பு செய்தேன் என்றேன்.

"நட்டு ஒரு மாசத்துல எந்தச் செடிடி காய்க்கும்?" என்றாள், தேய்ப்பதை நிறுத்தாமல்.

அவளுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. எனக்கு ஆத்திரமாக வந்தது. இவ்வளவு நாளும் தெரிந்துகொண்டே ரயில் முழுக்கப் பொரியல் கொடுத்திருக்கிறாள்.

"தெரிஞ்சும் ஏம்மா கேக்கல?"

"கேட்டா போவணுமேடி."

பெங்களூருக்குப் போக வேண்டும் என்று வருஷம் முழுக்கச் சொன்னதே அவள்தான். கால் வலிக்கிறது என்று அழுததும் அவள்தான். இப்போது போக வேண்டியிருக்குமே என்று கேட்காமல் இருந்தாளாம். பெரியவர்களுக்குத் தாங்கள் சொன்னது தங்களுக்கே நினைவிருப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டு, விளையாடப் போய்விட்டேன்.