முழங்கைச் சொக்ஸ்

அந்தச் சனிக்கிழமை காலை கனகேஸ்வரி பள்ளிக்கூடச் சொக்ஸ்களை மடியில் குவித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் விரல் பக்கத்தையும் கத்தரிக்கோலால் வெட்டி எறிந்துகொண்டிருந்தார். வெட்டிய ஓரத்தை மடித்துத் தைத்தால் அது கைக்கு உறையாகிவிடும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து லொட்ஜ்களில் தங்கியிருக்கிற பிள்ளைகள் இன்றைக்குக் கொட்டாஞ்சேனை மைதானத்தில் றகர் என்கிற றக்பி விளையாடப் போகிறார்கள். விழுந்தால் முழங்கை தேயும். அந்தக் காயத்தை நினைத்துத்தான் அவருக்கு இரண்டு இரவாக நித்திரை இல்லை.

பிள்ளை என்றால் விழும், காயப்படும், அதற்கு ஏன் இவ்வளவு பயம் என்று வேறு ஊரில் கேட்பார்கள். தொண்ணூற்றேழாம் ஆண்டில் கொழும்பு வெள்ளவத்தையில் ஒருவரும் கேட்கமாட்டார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெடியனின் முழங்கையில் தேய்ந்த அடையாளம் இருந்தால், இயக்கத்தில் மண்ணில் ஊர்ந்து பயிற்சி எடுத்தவன் என்று சோதனைச்சாவடியில் ஒருவர் நினைத்தால் போதும். பக்கத்து ஒழுங்கையில் சைக்கிளால் விழுந்த ஒருவனை அப்படித்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவன் திரும்பி வந்தபோது காயம் எப்போதோ ஆறியிருந்தது. ஆனால் கதவு தட்டுகிற சத்தம் கேட்டால் இன்றைக்கும் கட்டிலுக்குக் கீழே போய்விடுவான்.

கனகேஸ்வரிக்குக் கோட்டையில் ஒரு கப்பல் கொம்பனியில் தட்டெழுத்து வேலை. கலியாணம் கட்டவில்லை. கடற்கரை ஒழுங்கையொன்றில், ஒரு வீட்டின் பின்பக்கத்தை வாடகைக்கு எடுத்து இருந்தார். சிங்களம் சரளமாக வரும். அதனால் அந்த ஒழுங்கையில் எந்த வீட்டுக்குப் பொலிஸ் வந்தாலும் முதலில் அவருக்குத்தான் ஆள் வரும். அவரும் சேலையைச் சரிசெய்துகொண்டு போய், சிரித்த முகத்தோடு கதைத்து அனுப்பிவிட்டு வருவார். வீட்டுக்கு வந்த பிறகுதான் நடுக்கம் தொடங்கும். அன்றைக்குத் தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பார்.

அவரை றகருக்குள் இழுத்துவிட்டவர் பௌஸி. மருதானையில் சைக்கிள் சாமான் கடை வைத்திருந்தவர், இளவயதில் ஒரு கிளப்புக்கு விளையாடியவர். ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்த நாலைந்து பந்துகளோடு, கொட்டாஞ்சேனையின் நெருக்கமான லைன் வீடுகளில் வெறுமனே சுற்றித் திரிந்த பிள்ளைகளைச் சேர்த்து விளையாட வைத்திருந்தார். வெள்ளவத்தை லொட்ஜ்களில் பத்திரங்கள் இல்லாமல் பள்ளிக்கூடத்துக்கும் போக வழியின்றிப் பகல் முழுக்க அறைக்குள் கிடக்கிற பிள்ளைகளைப் பற்றிக் கேள்விப்பட்டு, ஒருநாள் கனகேஸ்வரியைத் தேடி வந்தார்.

"மிஸ், நான் போய்க் கேட்டா உம்மாமாரு கதவே தொறக்க மாட்டாங்க. நீங்க கேட்டாத் தருவாங்க."

"றகர் எண்டால் என்னெண்டே எனக்குத் தெரியாது, பௌஸி."

"அது நல்லது மிஸ். தெரிஞ்சா வர மாட்டீங்க."

தொடக்கத்தில் கடற்கரை மணலில் ஆளை ஆள் தொட்டு மட்டும் விளையாடினார்கள். மணலில் விழுந்தால் காயமில்லை. தாய்மாரும் சம்மதித்தார்கள். ஆனால் ரூபனுக்கு அது போதவில்லை.

நிமலரூபன் என்பது முழுப்பெயர். பதினாறு முடிந்தும் அடையாள அட்டை கைக்கு வரவில்லை. பொலிஸில் பதிந்த துண்டு ஒன்றுதான் சட்டைப்பையில். தகப்பன் சுவிஸில். அவர் கூப்பிடும்வரை தாய் அன்னபாக்கியமும் அவனும் லொட்ஜ் அறையொன்றில் காத்திருந்தார்கள். வந்த புதிதில் ஒருவரோடும் கதைக்காத பெடியன், பந்தைக் கையில் எடுத்த பிறகுதான் வாய் திறந்தான். திறந்த வாயை மூடவில்லை.

"அன்ரி, இது சும்மா தொட்டுப் பிடிக்கிற தாச்சி விளையாட்டு. கொட்டாஞ்சேனைப் பெடியள் ஆளைப் பிடிச்சு விழுத்திறாங்கள். எங்களையும் விடுங்கோவன்."

அவன் அரித்த அரிப்பில் கடைசியில் கனகேஸ்வரி அன்னபாக்கியத்திடம் போய்க் கேட்டார்.

"கொண்டு போங்கோ அக்கா. சிரிக்கிறான், அதுக்காக விடுறன். ஒரு கீறல் இல்லாமல் கொண்டுவந்து தந்துவிடுங்கோ."

அந்த வாக்கைக் காப்பாற்றத்தான் இந்தச் சொக்ஸ் எல்லாம்.

கொட்டாஞ்சேனை மைதானத்தில் புல்லை விடச் சிவப்புக் கிரவல் மண் அதிகம். லொட்ஜ்ப் பிள்ளைகள் கைகளில் சொக்ஸ் மாட்டிக்கொண்டு இறங்க, எதிர்ப்பக்கத் தலைவன் புவாத் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"டேய், கைல சொக்ஸ் போட்டீக்கானுகள்! கால்ல க்ளவுஸ் போட்டீக்கானுகளான்டு பாருங்கடா!"

"சிரி, சிரி. பிறகு பல்லைப் பொறுக்க நாங்கள் வரமாட்டம்" என்றான் ரூபன்.

"கேட்டீங்களா மிஸ்? வெளையாட முந்தியே வாய்ச் சண்ட" என்று பௌஸி சந்தோசமாக விசிலை ஊதினார்.

கனகேஸ்வரி பாதி விளையாட்டைக் கையால் முகத்தை மூடி விரல் இடுக்கால்தான் பார்த்தார். கடைசி நேரத்தில் பந்தோடு எல்லைக்கோட்டை நோக்கி ஓடிய ரூபனைப் புவாத் இடுப்பில் கட்டிப்பிடித்து விழுத்தினான். இருவரும் கிரவலில் இழுபட்டுப் போனார்கள். புழுதி அடங்கியபோது பந்து கோட்டின்மேல் இருந்தது. ரூபன் சிரித்துக்கொண்டு எழும்பினான். சொக்ஸ் கிழிந்து, முழங்கையில் தோல் உரிந்திருந்தது.

எங்கே விளையாடினாலும் பிறகு இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்து சாப்பிட வேண்டும் என்பது பௌஸியின் கண்டிப்பு. அன்றைய சாப்பாட்டைக் கனகேஸ்வரி ஏற்றிருந்தார். ஆகவே பதினைந்துக்கு மேற்பட்ட பிள்ளைகள், பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று கத்திக் கத்திக் கதைத்தபடி, அவரோடு வெள்ளவத்தை பஸ்ஸில் ஏறினார்கள். பந்துகளைக் கடையில் வைத்துவிட்டு வருவதாகப் பௌஸி மருதானைக்குப் போனார்.

பஸ்ஸில் ரூபனின் சொக்ஸைக் கழற்றப் பார்த்தார் கனகேஸ்வரி. இரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது. இழுத்தால் மறுபடி வடியும். வீட்டில் சுடுதண்ணீர் போட்டுக் கழற்றலாம் என்று விட்டுவிட்டார்.

பம்பலப்பிட்டியில் பஸ்ஸை மறித்தார்கள். ஒரு சிப்பாய் ஏறி முகங்களைப் பார்த்துக்கொண்டு வந்தான். ரூபனிடம் நின்று, துண்டை வாங்கிப் பார்த்து, கையைப் பார்த்தான். இறங்கச் சொன்னான். கனகேஸ்வரியும் பின்னால் இறங்கினார்.

கீழே நின்ற கோப்ரல் சொக்ஸைக் கழற்றச் சொன்னான். ரூபன் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். செம்மண்ணும் புது இரத்தமுமாக முழங்கை வெளியே வந்தது.

"காயத்தை ஏன் மறைத்தாய்?" என்று சிங்களத்தில் கேட்டான் கோப்ரல்.

கனகேஸ்வரி பதில் சொல்ல வாயைத் திறந்தார். மறைக்கவில்லை, காயம் வராமல் இருக்கப் போட்டது என்று சொல்லலாம். காயத்துக்கு ஏன் அவ்வளவு பயம் என்று அடுத்துக் கேட்பான். அதற்கான பதிலை இந்த மனிதனின் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? வெறும் முழங்கையாக இருந்தால் விழுந்த பெடியன். மூடியபடியால் அல்லவா ஒளித்த பெடியன் ஆகிவிட்டான்! தன் கையாலேயே தைத்துக் கொடுத்தேனே என்று நினைத்தபோது, இருபது வருடமாகக் கைவிடாத சிங்களம் அன்றைக்குக் கைவிட்டுவிட்டது.

"விளையாட்டு..." என்று மட்டும் சொன்னார்.

"என்ன விளையாட்டு?"

பஸ் படியில் தடதடவென்று சத்தம். முதலில் குதித்தவன் புவாத்.

"அய்யே, அது நான் செய்தது! நான்தான் விழுத்தினேன்!" என்று சிங்களத்தில் கத்திக்கொண்டே வந்து, தன் முழங்கையை மடக்கிக் கோப்ரலின் மூக்குக்கு நேரே நீட்டினான். அதே இடம், அதே செம்மண். பின்னால் வந்த கொட்டாஞ்சேனைச் சிங்களப் பெடியன் பிரியந்த காற்சட்டையை உயர்த்தி இரண்டு முழங்காலையும் காட்டினான். பிறகு மற்றவர்கள், சிங்களப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை என்று ஒவ்வொருவராக இறங்கி, கேட்காமலே கையையும் காலையும் நீட்டினார்கள். ஒருவன் பழைய தழும்பொன்றையும் காட்டி, அது போன மாதத்தது என்றான்.

கோப்ரல் குனிந்து ஒவ்வொரு காயமாகப் பார்த்தான். அவசரப்படவில்லை. கடைசியில் நிமிர்ந்து, "கவுத தினுவே?" என்றான். யார் வென்றது என்கிறான்.

"நாங்கள்!" என்றார்கள் எல்லாரும் ஒரே குரலில். உடனே இரண்டு பக்கமும் ஒன்றையொன்று திரும்பிப் பார்த்துக் கத்தத் தொடங்கியது. பந்து கோட்டைத் தொட்டது, தொடவில்லை, பௌஸி நானாவுக்குக் கண் தெரியாது. பொறுமை இழந்த கொண்டக்டர் பஸ்ஸின் தகரத்தில் அடித்தான். கோப்ரல் துண்டை ரூபனின் கையில் வைத்து, போகும்படி தலையசைத்தான். கிழிந்த சொக்ஸைக் கனகேஸ்வரியிடம் நீட்டும்போது அதை ஒருமுறை திருப்பிப் பார்த்தான்.

"நல்ல சொக்ஸ், நோனா. ஏன் வெட்டினீர்கள்?"

வீட்டில் இடியப்பமும் சொதியும் சம்பலும் தயாராக இருந்தன. எல்லாரும் சாப்பிடக்கூடியதாக மரக்கறிச் சமையல். உதவிக்கு வந்து நின்ற அன்னபாக்கியத்தின் கண், வாசலில் நுழைந்த மகனின் முழங்கைக்குத்தான் முதலில் போனது. கனகேஸ்வரி ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னார். சொக்ஸ், சோதனைச்சாவடி, தன் வாய் அடைத்துப்போனது, எல்லாம்.

அன்னபாக்கியம் மகனைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போய்க் காயத்தைக் கழுவினாள்.

"அம்மா, வாற கிழமை..."

"வாயைப் பொத்து."

மருந்து பூசி முடித்து வெளியே வந்தாள். நிலத்தில் வரிசையாக இருந்து சாப்பிடுகிற பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு புவாத்தின் தட்டில் இன்னும் இரண்டு இடியப்பம் வைத்தாள்.

"தம்பி, வாற சனியும் இவனோடை பஸ்ஸிலை வருவியோ?"

"சாப்பாடு ஈக்குமா மாமி?"

"இருக்கும்."

"அப்ப எல்லாருமே வருவம்."

அன்னபாக்கியம் குசினிப் பக்கம் திரும்பி, "அப்ப நீயும் போ" என்றாள்.

அன்றிலிருந்து விளையாட்டு எங்கே நடந்தாலும் சாப்பாடு வெள்ளவத்தையில்தான். எதிர்ப்பக்கம் எதுவானாலும் லொட்ஜ்ப் பிள்ளைகளோடு ஒரே பஸ்ஸில் ஏறி, வீட்டு வாசல் வரைக்கும் சண்டை பிடித்துக்கொண்டு வரும். சுவிஸிலிருந்து கடிதம் வந்து ரூபனும் தாயும் பறந்த பிறகும் அந்த வழக்கம் நிற்கவில்லை. சனி விடியமுன் எழும்பித் தேங்காய் துருவுகிற கனகேஸ்வரி, பிள்ளைகள் வந்து சேரும்வரை படலைக்கும் குசினிக்குமாக நடப்பார். ஒழுங்கை முனையில் அவர்களின் கூச்சல் கேட்ட பிறகுதான் தேத்தண்ணி. கோப்பையைப் பிடிக்க அப்போதும் இரண்டு கை வேண்டியிருந்தது.

பிறகு ஒருவரும் கையில் போடாத அந்த வெட்டிய சொக்ஸ்களைப் புவாத் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். சப்பாத்துக்குள் இருக்கிற விரலை யார் பார்க்கப்போகிறார்கள் என்றான்.