“பார்க்கல” என்ற சொல்

சாப்பாட்டு நேரத்தில்கூட தூருன் எலி மூளையை விட மாட்டாள். ஆஸ்லோவில் இருக்கும் எங்கள் ஆய்வுக்கூடத்தில் பதினொன்றரைக்கு எல்லோரும் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரிப்போம். அவள் பழுப்புப் பாலாடைக்கட்டியைச் சீவிக்கொண்டே, “ஓட்வார், உன் மெஷின் இதைவிட மெல்லிசாச் சீவுமா?” என்று என்னை வம்புக்கு இழுப்பாள். உறைந்த மூளைகளைச் சீவித் தருவதுதான் என் பிழைப்பு, அந்தத் திமிர் எனக்கு உண்டு.

அவள் பிழைப்பு வேறு. எலி மூளையில் எந்த வட்டாரத்து நரம்பு எந்த வட்டாரத்துக்குப் போகிறது என்று சீவல்களில் தேடுவாள், உலகம் பூராவும் வந்த கட்டுரைகளைப் படிப்பாள், எல்லாவற்றையும் ஒரே தரவுத்தளத்தில் ஏற்றுவாள். வடக்கே செஞ்ஞா தீவின் மீன்பிடிக் குடும்பத்துப் பெண். உயிரியல் படித்தவள், பேராசிரியர் ஆகும் ஆசை மட்டும் கிடையாது. “ஆளாளுக்குக் கண்டுபிடிச்சிட்டுப் போயிடறாங்க. யாராவது உக்காந்து சேர்த்து வெக்கணுமில்ல?” என்பாள்.

அவள் திரையில் ஆயிரக்கணக்கான கட்டங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று சொல்லில் ஒன்று இருக்கும்: உண்டு, இல்லை, பார்க்கல. அத்தனையும் பாதாம்பருப்பைவிடச் சற்றே பெரிய ஒரு மூளைக்குள் நடக்கிற போக்குவரத்து. இத்தனை வருஷம் சீவியும் எனக்கு அதை நினைத்தால் வாயடைத்துப் போகும்.

அந்த மூன்றாவது சொல்தான் வினையாயிற்று.

மாசி மாதப் பனியில் ராங்னில் வந்து நின்றாள். முனைவர் பட்டம் முடித்து எங்களோடு இருந்த பெண். எலியின் மீசைத் தொடுகையை உணரும் ஒரு வட்டாரத்திலிருந்து மூச்சை நடத்தும் வட்டாரத்துக்கு நேர்வழி உண்டா என்பது அவள் கேள்வி. அதற்கு நிதி கேட்டிருந்தாள். கிடைக்காவிட்டால் கோடையோடு வேலை போய்விடும்.

“விண்ணப்பத்தைத் தள்ளிட்டாங்க, தூருன். உங்க தரவுத்தளத்துலயே பூஜ்யம்னு இருக்காம். இல்லாத வழியை எதுக்குத் தேடறேன்னு கேக்கறாங்க.”

“பூஜ்யமா? நான் எங்க பூஜ்யம் போட்டேன்?”

தேடிப்பார்த்ததில் விஷயம் வெளிவந்தது. அந்தக் கட்டத்தில் தூருன் எழுதியிருந்தது ‘பார்க்கல’. யாரும் அங்கே போய்ப் பார்க்கவில்லை என்பது அவள் அர்த்தம். கணிப்பொறிக்காரர்களோ, பார்த்தார்கள், கண்ணில் படவில்லை என்று எடுத்துக்கொண்டு அத்தனை ‘பார்க்கல’வையும் பூஜ்யமாக்கி வெளியிட்டுவிட்டார்கள். எங்கள் பேச்சில் இரண்டுக்கும் ஒரே சொல்தானே! பாவம், அவர்களை எப்படித் திட்டுவது?

தூருனின் முகம் வெளுத்துவிட்டது. “எங்க மாமா ஒருத்தர், கடல் படத்துல ஆழம் எழுதாத இடத்தைப் பாறை இல்லாத இடம்னு நெனச்சுப் படகை விட்டார். அளக்கலைன்னுதான் அதுக்கு அர்த்தம். படகு போச்சு. அது தெரிஞ்சும் நானே இப்படி எழுதியிருக்கேன் பாரு.”

மறுபடி விண்ணப்பிக்க அவகாசம் இருந்தது, ஆனால் கையில் ஆதாரம் வேண்டும். தூருன் பழைய பதிவுகளைக் குடைந்தாள். அதே மீசை வட்டாரத்தில், நரம்பு போகும் வழியெல்லாம் கூடவே ஓடும் பச்சைச் சாயத்தைச் செலுத்திய எலி ஒன்று முன்பே இருந்தது. அதை ஆராய்ந்தவருக்கு மூளையின் முன்பாதி போதும். மூச்சு வட்டாரம் இருக்கும் பின்பாதி சீவப்படாமல் உறைபெட்டியிலேயே கிடந்தது.

“ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, ஓட்வார். உடைஞ்சா அவ்வளவுதான்.”

“பயமுறுத்தாம அந்தப் பக்கம் போய் உக்காரு.”

சீவல் ஒவ்வொன்றையும் கிண்ணத்து நீரில் மிதக்கவிட்டுத் தூரிகையால் கண்ணாடிக்கு ஏற்றினேன். ஒன்று மடங்கியபோது ராங்னில் “ஐயோ!” என்றாள். ஊதி ஊதி விரித்தேன்.

காய்ந்ததும் நுண்ணோக்கியில் முதலில் ராங்னில் பார்த்தாள். கண்ணை எடுக்கவே இல்லை. “சொல்லேன்டி!” என்று தூருன் அதட்டினாள். ராங்னில் அழுதுகொண்டே விலகி எனக்கு இடம் விட்டாள்.

இருட்டு. பெரிய இருட்டு. அதற்குள் பச்சையாக ஒரு நூல் நெளிந்து வந்து, மூச்சு வட்டாரத்துக்குள் நுழைந்து, கிளை கிளையாகப் பிரிந்து நின்றது. பக்கத்தில் இன்னும் இரண்டு. உலகத்தில் இன்றுவரை ஒருத்தரும் பார்க்காததை நான் சீவிய துண்டில் நானே பார்க்கிறேன்!

ராங்னில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “உண்டுன்னு போட்டுடலாமா?” என்றாள்.

“உண்டு, ஒரே எலியில. அப்படித்தான் போடுவேன்,” என்றாள் தூருன். “மிச்சத்தை நீ தேடு. அதுக்குத்தானே காசு கேக்கறே?”

நிதி கிடைத்தது. ராங்னில் இருக்கிறாள்.

ஆனால் எனக்கு மறக்காதது ஒரு மத்தியானம்தான். தூருன் என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தன் மேசை முன் உட்கார்ந்து, தரவுத்தளத்தில் இருந்த ஒவ்வொரு ‘பார்க்கல’வையும் ‘தேடல’ என்று மாற்றச் சொல்லிக் கட்டளை கொடுத்தாள். திரை முழுக்க அந்த ஒரே சொல் நிரம்பிக்கொண்டே போனது. உண்டும் இல்லையும் அங்கங்கே நாலைந்து.

எங்கள் தலைவர் ஸ்வெர்ரெ பின்னால் வந்து நின்று பதறினார். “இவ்வளவு தெரியாதுன்னா காட்டப் போறோம்?”

“இவ்வளவு தேடலாம்னு காட்டப் போறோம்,” என்றாள் தூருன்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மூன்று பேரும் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.