மாதந்தோறும் ஓர் இன்மை அறிக்கை

தாலுகா அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் காலம் தள்ளியவனுக்கு ஒரு விஷயம் பழகிப்போயிருக்கும். மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கையில் 'இல்லை' என்று எழுதினால் கோப்பு அதோடு மூடப்படும். 'உண்டு' என்று எழுதிவிட்டால் எத்தனை, ஏன், எப்போதிலிருந்து, யார் பொறுப்பு என்று வரிசையாகக் கடிதம் வரும். ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் துணை வட்டாட்சியராக இருந்தபோது மாதக் கடைசியில் கட்டுக்கட்டாக இன்மை அறிக்கைகள் போகும். கொத்தடிமை இல்லை, கொள்ளைநோய் இல்லை, ஆக்கிரமிப்பு இல்லை. காகிதத்தைப் படித்தவர்கள் அங்கே குடிவர ஆசைப்பட்டிருப்பார்கள்.

ஓய்வு பெற்று ராஜபாளையத்தில் வீட்டோடு இருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம், எனக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று மதுரையில் சொன்னார்கள். ஆண் ஹார்மோன்தான் அந்த நோய்க்குத் தீனி. அதை நிறுத்துவதற்கு அப்போது வழக்கமாகச் செய்தது, விதைகளை அறுத்து எடுத்துவிடுவது. அதே ஆஸ்பத்திரியில் இன்னொரு வழியும் இருந்தது. புதிதாக வந்த ஒரு மாத்திரையை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வு. மாதம் ஒருமுறை போக வேண்டும். உடம்பில் என்ன மாற்றம் தெரிகிறது என்று தினமும் ஓர் அட்டையில் எழுத வேண்டும். மாதாமாதம் டாக்டர் அதைப் பார்த்துவிட்டு நம்மிடமே திருப்பிக் கொடுப்பார். அறுவை என்ற சொல் காதில் விழுந்த உடனே நான் ஆய்வுக்குக் கை தூக்கிவிட்டேன்.

ஒப்புதல் படிவம் பதினொரு பக்கம். அதை முழுக்கப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன் என்று உட்கார்ந்தேன். ஆறாம் பக்கத்தில் பத்தி எண் விட்டுப்போயிருந்ததையும் சுட்டிக்காட்டினேன். ஆய்வைப் பார்த்துக்கொண்ட பெண் டாக்டர் என் மகளைவிட இளையவர். "தேங்க்ஸ் சார்" என்றார். அதில் நன்றி எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்கே சேத்தூர்க்காரர் எனக்கு அறிமுகமானார். நூல் மில்லில் ரிங் பிரேம் என்ற நூற்பு இயந்திரத்தில் நின்று ஓய்வு பெற்றவர். அதே நோய், அதே மாத்திரை, கத்தியைக் கண்டு அதே ஓட்டம். எழுத்துக் கூட்டிப் படிப்பார். பேனாவைக் கையெழுத்துப் போட மட்டும் தொடுவார். படிவம் முழுவதையும் அவருக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். பிறகு அவருடைய அட்டையை நிரப்புவதும் என் வேலையானது. யாரும் உத்தரவு போடவில்லை. நானாக ஏற்றுக்கொண்ட கூடுதல் பொறுப்பு அது.

மாத்திரை ஆரம்பித்த மூன்றாவது வாரம் எனக்கு அந்தச் சூடு வந்தது. நெஞ்சிலிருந்து கழுத்துக்கு, கழுத்திலிருந்து காதுக்கு. நல்ல மார்கழிக் காலையில் சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது. விசிறியை எடுத்தேன். என் மனைவி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே பார்த்தாள்.

"சூடு காதுக்கு ஏறுதா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு நாப்பத்தாறு வயசுல, தீட்டு நிக்கையில வந்தது. மூணு வருஷம் இருந்தது."

"என்கிட்டே சொல்லவே இல்லையே."

"நீங்க கேட்டீகளா? ஆபீசு, ஜமாபந்தின்னு போய்க்கிட்டு இருந்தீக. வெந்நி வச்சா ஏன் இம்புட்டுச் சூடுன்னு மட்டும் கேப்பீக." பொறுக்கிய கல்லை வாசல் பக்கம் எறிந்தாள். "செத்த நேரத்துல அடங்கிரும். ஈரத் துண்டைப் பிடரியில போடுங்க. காப்பியைக் குறைங்க."

பதினொரு பக்கப் படிவத்தில் இல்லாத இரண்டு நல்ல யோசனைகள். அடுத்த மாதம் மார்பு வீங்கி வலித்தது. சட்டை உரசினால் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. அவள் பழைய மல் வேட்டியைக் கிழித்து, தையல் உள்பக்கம் உறுத்தாமல் இரண்டு பனியன் தைத்துக் கொடுத்தாள். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். நாற்பது வருட வாழ்க்கையில் நான் அவளுடைய உடம்பைப் பற்றிக் கேட்காத கேள்விகளையெல்லாம் அந்த வருடத்தில்தான் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள்.

ஆனால் அட்டையில் என்ன எழுதினேன்? சூடு: இல்லை. மார்பு வலி: இல்லை. வயிற்றுப்போக்கு: இல்லை.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. எங்களோடு ஆய்வில் சேர்ந்த வத்திராயிருப்புக்காரர் ஒருவர், வயிறு சரியில்லை என்று இரண்டாம் மாதம் அட்டையில் எழுதினார். மூன்றாம் மாதம் அவரைக் காணோம். மருந்தை நிறுத்தி ஆபரேஷன் செய்துவிட்டார்கள் என்று வராந்தாவில் பேசிக்கொண்டார்கள். 'உண்டு' என்று எழுதினால் என்ன நடக்கும் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

நான்காம் மாதம், பஸ் கிருஷ்ணன்கோவிலைத் தாண்டியபோது சேத்தூர்க்காரர் முழங்கையைச் சொறிந்துகொண்டு சொன்னார்.

"ஐயா, உடம்பு பூரா அரிக்கி. சோறும் எறங்க மாட்டேங்கு."

"வெயில் காலம்தானே."

"அதையும் எழுதணுமா?"

"எழுதினா நிறுத்திருவாங்க."

"அப்ப வேண்டாம்யா. இல்லைன்னே போடுங்க. எழுத்து உங்களுக்குத் தெரிஞ்ச அளவுக்கு எனக்கா தெரியும்?"

போட்டேன். அரிப்பு: இல்லை. பசியின்மை: இல்லை. முப்பது நாளுக்கும் ஒரே மூச்சில், பஸ் குலுங்கியும் கோடு கோணாமல்.

ஐந்தாம் மாதம் ராஜபாளையம் பஸ் நிலையத்தில் அவர் எனக்கு முன்பே வந்து நின்றார். காலை வெளிச்சம் முகத்தில் நேராக விழுந்தது. கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது. சிறுநீர் எப்படிப் போகிறது என்று கேட்டேன்.

"கட்டங்காப்பி மாதிரி போகுதுய்யா. சூடுதான். இளநி குடிக்கேன்."

எனக்கு ஒன்பதாம் பக்கம் நினைவுக்கு வந்தது. அரிப்பு, பசியின்மை, அடர்ந்த நிறத்தில் சிறுநீர், கண் மஞ்சளாதல்: இவற்றில் ஏதாவது தெரிந்தால் மாத்திரையை உடனே நிறுத்திவிட்டு வர வேண்டும், ஈரல் பாதிக்கப்பட்டிருக்கலாம். அந்தப் பத்தியை அவருக்கு வாசித்துக் காட்டியது நான். அரிப்பு என்று அவர் வாய்விட்டுச் சொன்னபோது இல்லை என்று எழுதியதும் நான். அந்த ஒரு மாதம் முழுக்க அவர் வேளை தவறாமல் மாத்திரையை விழுங்கியிருக்கிறார்.

பஸ்ஸில் அவருடைய அட்டையை மடியில் வைத்துக்கொண்டேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆள் ஏற்ற நின்றபோது, போன மாத வரிசைகள் முழுவதன் மேலும் குறுக்குக் கோடு போட்டு, திருத்தம் என்று எழுதிச் சுருக்கொப்பம் இட்டேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"என்ன செய்தீக?"

"நான் எழுதினது தப்பு."

"நீங்க தப்பா எழுத மாட்டீக."

"எழுதிட்டேன். இது ஈரல் கெட்டதுக்கு அடையாளம். மாத்திரையை நிறுத்தணும்."

"நிறுத்தினா அறுப்பாக." குரலைத் தாழ்த்தினார். "ஐயா, அறுத்துப் போட்டுட்டா பொறவு நான் என்ன ஆளு? தையில மக கல்யாணம். மாப்ளை வீட்டு ஆளுக முன்னால நான் எப்படி நிப்பேன்? இந்த ஒரு வாட்டி இல்லைன்னு போடுங்க. உங்களுக்கு என்ன வந்தது?"

எனக்கும் அதே பயம்தான், நெஞ்சில் சூடு ஏறியும் நானும் அதற்காகத்தான் இல்லை என்று பொய் எழுதினேன் என்று சொன்னேன். அதன் பிறகு திருமங்கலம் வரைக்கும் அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

டாக்டரிடம் இரண்டு அட்டைகளையும் வைத்தேன். என்னுடையதிலும் ஐந்து மாதம் திருத்தம். அவர் அட்டைகளைப் புரட்டவில்லை. சேத்தூர்க்காரரின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், வார்டுக்கு அனுப்பினார், ரத்தம் எடுக்கச் சொன்னார். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார்.

"ரத்தப் பரிசோதனை மூணு மாசத்துக்கு ஒரு தடவைதான் சார். நடுவுல இந்த அட்டையை வச்சுத்தான் நாங்க பார்க்கிறோம். இத்தனை வருஷம் ஆபீஸ்ல இருந்தவர் நீங்க."

"அதனாலதான் இப்படி ஆச்சு."

"வத்திராயிருப்புப் பெரியவரை யாரும் விரட்டலை. மாத்திரை ஒத்துக்கலை, நிறுத்தினோம். ஆபரேஷன் பண்ணிக்கிறேன்னு அவர்தான் யோசிச்சுச் சொன்னார். இப்ப தோப்புக்குப் போயிட்டு வந்துட்டு இருக்கார். போன வாரம் மாங்காய் கொண்டுவந்து கொடுத்தார்."

எனக்கு அந்த மாங்காய் பெரிய அவமானமாக இருந்தது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்பது என் வழக்கமில்லை. எனக்குத்தான் எல்லா நடைமுறையும் தெரியுமே. என் மார்பு வலியை முதல்முறையாக அவரிடம் வாய்விட்டுச் சொன்னேன். அதற்கென்று ஒரு சிகிச்சை இருந்தது. ஐந்து மாதமும் இருந்திருக்கிறது.

சேத்தூர்க்காரரின் மஞ்சள் மெதுவாகத்தான் இறங்கியது. முதல் நாள்களில் டாக்டர் உறுதியாக எதுவும் சொல்லவில்லை. நான் இரண்டு நாளைக்கு ஒருமுறை போய்வந்தேன். அவர் மனைவி எனக்கு ஸ்டூலைத் தள்ளிப் போடுவார். அவர் கண்ணை மூடிக்கொள்வார். மூன்றாவது வாரம், கண் வெளுத்து, கஞ்சி கேட்டுக் குடிக்க ஆரம்பித்த பிறகு, அறுவைக்கான ஒப்புதல் படிவத்தோடு நர்ஸ் வந்தாள். நான் வழக்கப்படி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையை நீட்டினேன்.

"நீங்க வேண்டாம்யா" என்றார். எழுந்தேன். "போகச் சொல்லலை. இங்கன உக்காருங்க. இந்தப் பிள்ளை படிக்கட்டும்."

அவள் மெல்லப் படித்தாள், இடையிடையே தடுக்கினாள். நான் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு வரிக்கும் அவர் நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். என்னிடம் அந்தப் பதினொரு பக்கத்திலும் அவர் ஒரு கேள்வி கேட்டதில்லை. நான் படித்த வேகத்தில் கேட்க இடம் எங்கே?

"வலி எம்புட்டு நாள் இருக்கும்?"

"ஒரு வாரம் தாத்தா."

"குரல் மாறிருமா? பொம்பளைக் குரல் வந்துருமா?"

"அதெல்லாம் வராது."

"இந்த ஐயாவுக்கு வந்த மாதிரி நெஞ்சுச் சூடு?"

"அது வரலாம்."

அவர் என் பக்கம் திரும்பினார். பஸ்ஸில் ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்த நாளிலிருந்து அதுதான் முதல் தடவை.

"சூடு வந்தா என்ன செய்யணும்?"

ஈரத் துண்டைப் பிடரியில் போட வேண்டும், காப்பியைக் குறைக்க வேண்டும் என்று சொன்னேன்.

"யாரு சொன்னா? டாக்டரா?"

"வீட்டுல."

அவர் தன் மனைவியைப் பார்த்தார். அந்தம்மா கஞ்சிக் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டே, தனக்கும் வந்ததுதான் என்பதுபோலத் தலையை ஆட்டினார். "அப்ப சரி" என்று அவர் நர்ஸிடம் பேனாவை வாங்கினார்.